வெளிநாட்டில் வாடகை வீடு பிடித்துக் கொடுத்த ஏஜென்சி: என் அனுபவம்

புது நாட்டில் வந்து இறங்கியவருக்கு உள்ளூரில் கடன் வரலாறும் கிடையாது, சிபாரிசுக்கு ஆளும் கிடையாது. வீட்டுக்காரர்கள் முதலில் கேட்பது அதைத்தான். எங்களுக்கு வீடு தேடித் தந்த ஏஜென்சி பெண் இதை அழகாகச் சமாளித்தார். வேலை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, பழைய வீட்டுக்காரரின் கடிதம் எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப்பாக்கி முன்கூட்டியே அனுப்ப வைத்தார்.

வீடியோ காலில் ஹாலை மட்டும் காட்டிவிட்டு முடிக்கவில்லை. குளியலறைக் குழாயைத் திறந்து தண்ணீர் வரும் வேகத்தைக் காட்டினார். ஜன்னலைத் திறந்து தெருச் சத்தத்தைக் கேட்க வைத்தார். அலமாரியை நகர்த்தி, பின்சுவரில் டார்ச் அடித்தார், கருப்பாகப் பூஞ்சை! அந்த வீட்டை அங்கேயே விட்டோம். நேரிலோ வீடியோவிலோ பார்க்காத வீட்டுக்கு அட்வான்ஸ் அனுப்பக்கூடாது என்பதில் அவர் கறாராக இருந்தது எனக்கு ரொம்பப் பிடித்தது.

சாவி கைக்கு வந்தபின் கதை வேறு. போனை எடுப்பதே இல்லை. குடிபுகும்போது சுவர்க் கீறல், மீட்டர் அளவு எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் எழுதி இருதரப்பும் கையெழுத்திடும் நாளில் ஆளே வரவில்லை. டெபாசிட் முழுசாகத் திரும்புவது அந்தக் காகிதத்தை வைத்துத்தான், இதிலா அலட்சியம்? நானே படமெடுத்து வீட்டுக்காரருக்கு அன்றே மெயில் செய்தேன்.

வீடு தேட இவர்களைத் தாராளமாக அழைக்கலாம். குடிபுகும் நாள் வேலையும் கட்டணத்தில் சேர்த்தி என்று முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.