ஹை ஸ்பின் வட்டு: வாங்கும் முன் கொஞ்சம் யோசியுங்கள்

வட்டு எறிதலுக்கான இந்த ஹை ஸ்பின் வட்டு பார்க்க ராஜாதான். கார்பன் ஃபைபர் தகடு, ஸ்டீல் விளிம்பு, 2 கிலோ எடையில் ஏறக்குறைய 90 சதவீதம் விளிம்பிலேயே. சர்வதேச வீரர்கள் பலரும் இந்த ரகத்தைத்தான் எறிகிறார்கள் என்று விளம்பரம் சொல்வது பொய் இல்லை, ஆனால் அவர்கள் கையின் வேகம் என்ன, நம் கையின் வேகம் என்ன என்பதை அது சொல்லாது.

எடை விளிம்புக்குப் போகப் போக வட்டைச் சுழல வைப்பது சிரமம். சுழல ஆரம்பித்துவிட்டால் லேசில் அடங்காது. ஆள்காட்டி விரலிலிருந்து சுத்தமாக உருண்டு வெளியேறினால் ஆடாமல் அசையாமல் கடைசிவரை மிதந்து போகும், எதிர்க்காற்றும் லேசாக இருந்தால் கேட்கவே வேண்டாம். விடும்போது விரல் கொஞ்சம் பிசகினால் போச்சு, பாதி வழியிலேயே தள்ளாடிச் சாய்ந்து விழுகிறது. 70 சதவீத விளிம்பு எடை உள்ள சாதாரண வட்டு அந்தப் பிசகை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். 50 மீட்டரை எட்டாதவர்களுக்கு அதுவே போதும் என்பது என் எண்ணம்.

லிதுவேனியாவின் வட்டு எறிதல் வீரர் மைகோலஸ் அலெக்னாவைப் பாருங்கள். 2024 ஏப்ரலில் அமெரிக்காவின் ரமோனாவில் 74.35 மீட்டர் எறிந்து, 1986 முதல் யூர்கன் ஷுல்ட் வைத்திருந்த 74.08 மீட்டர் உலக சாதனையை முறியடித்தார். அது காற்றுக்குப் பேர்போன திறந்த மைதானம், வட்டு எறிதலில் காற்று எவ்வளவு வீசினாலும் சாதனை செல்லும். அதே ஆள் ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்கில் எறிந்தது 69.97. ஜமைக்காவின் ரோஜே ஸ்டோனா சரியாக 70.00 எறிந்து தங்கத்தைத் தட்டிக்கொண்டு போனார்! மறு வருடம் திரும்பவும் ரமோனா, அலெக்னா 75.56. வட்டை மட்டும் மாற்றினால் தூரம் வந்துவிடும் என்று நினைப்பவர்கள், காற்றும் இடமும் தூரத்தை எவ்வளவு மாற்றுகின்றன என்று காட்டும் இந்த எண்களை ஒருமுறை பார்த்துவிட்டு அப்புறம் பணத்தை எடுக்கலாம்.

எனக்கு வந்த வட்டில் பிடிமானம் அருமை, வியர்வைக் கையிலும் வழுக்கவில்லை. குறை என்றால் நடுத் திருகு, கொஞ்ச நாளிலேயே தளர்ந்துவிட்டது, அதை அடிக்கடி இறுக்க வேண்டியிருக்கிறது. வலைக்கூண்டின் கம்பத்தில் பட்டு விளிம்பில் பிசிறு கிளம்பினால் விரலைக் கிழித்துவிடும், அரம் போட்டுத் தேய்த்துவிடுங்கள். ரொம்பத் தேய்க்க வேண்டாம், 2 கிலோவுக்குக் கீழே இறங்கினால் போட்டியில் எடை பார்க்கிற இடத்திலேயே நிறுத்திவிடுவார்கள்.