மக்காச்சோள எத்தனாலா, கரும்பு எத்தனாலா: எதில் உமிழ்வு குறைவு?

பெட்ரோலுக்கு மாற்றான எத்தனால் எரிபொருளை அமெரிக்காவில் பெரும்பாலும் மக்காச்சோளத்திலிருந்தும் பிரேசிலில் பெரும்பாலும் கரும்பிலிருந்தும் எடுக்கிறார்கள். அமெரிக்காவின் அயோவாவில் மக்காச்சோளத்துக்கு இடும் தழைச்சத்து உரத்தில் ஒரு பகுதியை மண்ணின் நுண்ணுயிரிகள் நைட்ரஸ் ஆக்சைடாக மாற்றிவிடுகின்றன. நூறாண்டுக் கணக்கில் அந்த வாயு, அதே எடையுள்ள கார்பன் டை ஆக்சைடைவிட ஏறத்தாழ 273 மடங்கு புவியைச் சூடாக்கும். எத்தனாலைக் காய்ச்சி வடிக்கும் ஆலைகளும் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவையே நம்பியுள்ளன. பிரேசிலின் சாவ் பாவுலோவில் ஒருமுறை நட்ட கரும்பு, வெட்டிய கட்டையிலிருந்தே மறுதாம்பாகத் துளிர்த்து ஐந்தாறு ஆண்டுகள் வெட்டுக்கு வருகிறது. சாறு பிழிந்த சக்கையே கொதிகலனுக்கு எரிபொருளாகி, உபரி மின்சாரத்தையும் தருகிறது. பெட்ரோலுடன் ஒப்பிட்டு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2010இல் மதிப்பிட்ட உமிழ்வுக் குறைப்பு, மக்காச்சோளத்துக்குச் சுமார் 21 விழுக்காடு, கரும்புக்கு 61. கரும்பே மேல் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பிரேசிலின் செராடோ என்னும் மரங்கள் விரவிய புல்வெளியை அழித்துக் கரும்பை நட்டால், வேரிலும் மண்ணிலும் தேங்கியிருந்த கரிமம் வெளியேறி, அந்த ஆதாயத்தைப் பல ஆண்டுகளுக்கு விழுங்கிவிடும்.