பெட்டித் தேனா, பாட்டில் தேனா? கடலூர் வெயிலுக்கு எது தாங்கும்?

ஓராண்டுக்கான தேனை மொத்தமாக வாங்க நினைத்தபோது இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பில் எடுக்கும், சூடேற்றாத பெட்டித் தேன். மற்றது, சூடேற்றி வடிகட்டிக் கடையில் விற்கும் பாட்டில் தேன். நான் பெட்டித் தேனையே வாங்கினேன்.

சர்க்கரையைப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்: ஃப்ரக்டோஸ் 38 சதவீதம், குளுக்கோஸ் 31 சதவீதம் என்ற அளவு. பாட்டில் தேன் நெடுநாள் தெளிவாக இருக்கும். பெட்டித் தேன் சீக்கிரம் குறுணை கட்டும். அது கலப்படமல்ல, குளுக்கோஸ் படிகமாவதுதான்.

எனக்கு முடிவைச் சொன்னது வெயில். தேன் இயல்பிலேயே புளிப்பு உள்ளது. அந்த அமிலத்தில் ஃப்ரக்டோஸ் மெல்ல நீரை இழந்து எச்எம்எஃப் என்ற சேர்மமாகிறது; தேன் சூடுபட்டதையும் பழசானதையும் காட்டும் அளவுகோல் அதுதான். வெப்பம் ஏற ஏற இந்த மாற்றம் பல மடங்கு விரைவாகும். 30 டிகிரியில் மாதக்கணக்கில் சேர்வது 40 டிகிரியில் சில வாரங்களிலும், 60 டிகிரியில் ஓரிரு நாளிலும் சேர்ந்துவிடும். கூடவே, தேனீ சேர்க்கும் நொதிகளும் அழிகின்றன. அவற்றில் ஒன்றான டயாஸ்டேஸ் 30 டிகிரியில் சுமார் 200 நாளில் பாதியாகிறது. ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கி நுண்ணுயிரைத் தடுக்கும் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதிக்கும் வெப்பமும் வெளிச்சமும் ஆகாது. கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரத்தில் எச்எம்எஃப் வரம்பு கிலோவுக்கு 40 மில்லிகிராம்; வெப்பமண்டலத் தேனுக்கு மட்டும் 80. சூடேற்றிய தேன், ஆலையிலேயே இதில் ஒரு பங்கைச் சேர்த்துக்கொண்டுதான் நம் அலமாரிக்கு வருகிறது. அதன் பிறகு கத்திரி வெயில் வேறு. காய்ச்சாத தேன் அந்தச் சுமை இல்லாமல் கோடைக்குள் நுழைகிறது. எனக்கு அது பெரிய விஷயம்.

ஆனால் ஈரத்தில் பாட்டில் தேனே முந்துகிறது. பெட்டியில் வளர்க்கும் அடுக்குத் தேனீயின் தேனில் நீர் 20 சதவீதத்தைத் தாண்டுவது சகஜம். அதில் ஈஸ்ட் விழித்துக்கொண்டால் மூடியைத் திருகும்போதே புஸ்ஸென்று காற்று வரும். மேலே மெல்லிய நுரையும் புளித்த வாடையும் இருக்கும். சூடேற்றுவது அந்த ஈஸ்டைக் கொன்றுவிடும். கடற்கரைக் காற்றில் திறந்து வைத்த தேன் தானாகவே ஈரம் இழுக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. தேனில் நீர் போதுமான அளவு வற்றிய பிறகுதான் தேனீ பெரும்பாலும் அடையின் அறையை மெழுகால் மூடும். ஆகவே, அப்படி மூடிய அறைகளிலிருந்து எடுத்த தேனா என்று விற்பவரிடம் கேட்டுத்தான் வாங்கினேன். சிறிய கண்ணாடி பாட்டில்களில் கழுத்துவரை நிரப்பி, அடுப்படியை விட்டுத் தள்ளி, இருட்டான அறையில் வைத்திருக்கிறேன். ஓராண்டைத் தாண்டி வைத்துப் பார்த்த அனுபவம் எனக்கு இல்லை. அதற்கு மேல் வாக்குத் தர மாட்டேன்.

மூடிய அடையில் எடுத்த தேன்தான் என்று உறுதியாகச் சொல்லும் ஆள் கிடைக்காதவர்கள் பாட்டில் தேனையே வாங்கலாம். வாங்குமுன் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். கோடைக்கு முன் நிரப்பி, கடை வாசல் வெயிலில் அடுக்கியிருந்த பாட்டிலை மட்டும் தொடாதீர்கள்.