ரிங் மட்டும் போதுமா, ரீபோர் செய்ய வேண்டுமா?

தேய்ந்துபோன டூ ஸ்ட்ரோக் இன்ஜினின் ஹெட்டைக் கழற்றி, பிளாக்கை (சிலிண்டரை) உருவி மேசையில் வைத்ததும் இரண்டு வழிகள் முன்னால் நிற்கும். பழைய பிஸ்டனிலேயே புது ரிங் (பிஸ்டனைச் சுற்றிய பள்ளத்தில் உட்காரும், ஓரிடத்தில் வெட்டுள்ள வளையம்) போட்டு மூடிவிடலாம். அல்லது போரை, அதாவது சிலிண்டரின் உள்துளையை, கடைந்து பெரிதாக்கி, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டனும் அதற்குரிய ரிங்கும் போடலாம்; இதுதான் ரீபோர். காற்றில் குளிரும், 50 மி.மீ. போர் கொண்ட என் ஒற்றை சிலிண்டர் இன்ஜினுக்கு அண்மையில் இரண்டாவது வழியில் போனேன். அதனால் என் சாய்வு ரீபோர் பக்கம்தான். ஆனால் அந்த முடிவை எடுக்க வைத்தது ஒரே ஓர் அளவு. அதே அளவு வேறு மாதிரி வந்திருந்தால் ரிங்கோடு நிறுத்தியிருப்பேன்.

தெரிந்த விஷயங்களைச் சட்டென்று கடந்துவிடுகிறேன். ரிங் மட்டும் மாற்றினால் செலவு குறைவு, லேத் பட்டறைக்குப் போக வேண்டியதில்லை, ஒரே நாளில் வண்டி ஓடும். ரீபோர் என்றால் காத்திருக்க வேண்டும், பிறகு நிதானமாக ஓட்டிப் பழக்க வேண்டும். இவற்றைவிடக் கனமான வாதம் ஒன்று ரிங் பக்கம் இருக்கிறது. கடைந்து எடுத்த இரும்பு திரும்ப வராது. ஓவர்சைஸ் பொதுவாக 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்று போய் முடிந்துவிடும். அதற்கு மேல் லைனரையே (சிலிண்டருக்குள் இருக்கும் இரும்புக் குழாயையே) மாற்ற வேண்டியதுதான். ஆகவே தேவையில்லாத ரீபோர் சிலிண்டரின் ஆயுளில் ஒரு படியை வீணாக்குகிறது.

அப்படியானால் தேவை இருக்கிறதா இல்லையா என்பதை எதை வைத்துச் சொல்வது? புகையை வைத்தோ, கிக்கர் காலுக்கு லேசாக இருப்பதை வைத்தோ சொல்ல முடியாது. தேய்ந்த ரிங்கும் தேய்ந்த போரும் வெளியே ஒரே அறிகுறியைத்தான் காட்டும். டூ ஸ்ட்ரோக்கில் போரின் சுவரெங்கும் வாயு போய்வரும் போர்ட் ஜன்னல்கள் இருப்பதால் டயல் கேஜ் வைத்து அளப்பதும் எளிதில்லை. இங்கேதான் புது ரிங்கே நல்ல அளவுகோலாகிறது.

புது ரிங்கைப் பிஸ்டனில் மாட்டாமல் நேரடியாகப் போருக்குள் வையுங்கள். பிஸ்டனின் தலையால் தள்ளி, ரிங் சாயாமல் நேராக உட்காரும்படி செய்யுங்கள். முதலில் அடியில், போர்ட்டுகள் முடிந்த பிறகு வரும் சுவரில். ரிங் உரசி ஓடாத இடம் அது. ஏறக்குறைய ஆரம்ப அளவிலேயே இருக்கும். அங்கே ரிங்கின் இரு முனைகளுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைப் பீலர் கேஜால் (அளவு குறித்த மெல்லிய தகடுகளால்) அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ரிங்கை மேலே கொண்டுவாருங்கள். புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் போர்ட்டுக்கு மேலே, ரிங் போய்த் திரும்பும் இடத்துக்குச் சற்றே கீழே வைத்து மறுபடியும் அளங்கள். போர் அதிகம் தேய்வது அந்த உச்சியில்தான்.

என் சிலிண்டரில் அடியில் 0.25 மி.மீ. வந்தது. உச்சியில் 0.60. வித்தியாசம் 0.35. ரிங்கின் இடைவெளி சுற்றளவோடு சேர்ந்து கூடுவது என்பதால், இந்த வித்தியாசத்தை 3.14-ஆல் வகுத்தால் விட்டம் எவ்வளவு விரிந்திருக்கிறது என்று தெரியும்: கிட்டத்தட்ட 0.11 மி.மீ. பல சர்வீஸ் கையேடுகள் மேலுக்கும் கீழுக்கும் விட்டம் மாறும் இந்தச் சரிவுக்கு 0.05 மி.மீ. வரைதான் இடம் கொடுக்கின்றன. நான் அதன் இரு மடங்கைத் தாண்டி நின்றேன்.

0.60 இடைவெளியில் கம்ப்ரஷன் கொஞ்சம் கசியும், அவ்வளவுதானே என்று கேட்கலாம். கசிவு சின்ன விஷயம். சரிந்த போரில் ரிங் ஒவ்வொரு முறை மேலே போகும்போதும் விரிந்து, கீழே வரும்போது சுருங்குகிறது. 6,000 ஆர்.பி.எம்-மில் இது நொடிக்கு 100 முறை நடக்கிறது. வட்டமாக நின்று சுவரை அணைக்க வேண்டிய ரிங், பள்ளத்துக்குள் உள்ளும் வெளியும் ஓயாமல் உரசி, தன்னையும் பள்ளத்தையும் தேய்த்துக்கொள்கிறது. புது ரிங் பழைய போரில் சீக்கிரம் சோர்ந்துபோவதற்கு இதுதான் காரணம்.

நடுவழி ஒன்றையும் சிலர் சொல்வார்கள்: ஸ்டாண்டர்டு பிஸ்டனில் ஓவர்சைஸ் ரிங்கைப் போட்டு, முனையை அரத்தால் ராவி உச்சியில் இடைவெளியைச் சரிசெய்துவிடலாம் என்று. என் அளவுகளையே வைத்துப் பாருங்கள். உச்சியில் 0.25 வரும்படி ராவினால், அடியில் அதே ரிங்குக்கு இடைவெளி என்ன இருக்கும்? 0.25-இலிருந்து 0.35 போனால் மிச்சமே இல்லை. கீழே வரும்போது முனைகள் ஒன்றோடொன்று முட்டும். முட்டிய ரிங்குக்குப் போக இடமில்லை. சுவரை அறுக்கும், அல்லது உடையும். இடைவெளியைக் குறுகலான இடத்தில் அளந்துதான் தீர்மானிக்க வேண்டும். 25 மி.மீ. போருக்கு 0.1 மி.மீ. என்ற பழைய கணக்குப்படி 50 மி.மீ. போருக்குக் குறைந்தது 0.20 வேண்டும். கொஞ்சம் கூடினால் பொறுத்துக்கொள்ளலாம். குறைந்தால் பொறுக்கவே கூடாது.

இன்னும் இரண்டு விஷயங்கள் ரீபோர் பக்கமே சாய்ந்தன. ரிங் திரும்பும் உச்சியில் நகத்தால் தடவினால் ஒரு விளிம்பு தட்டுப்பட்டது. பழைய ரிங் அந்த விளிம்புக்கு ஏற்ப ஓரம் மழுங்கியிருந்தது; கூரான ஓரமுள்ள புது ரிங் அதில் இடித்திருக்கும். அடுத்தது பிஸ்டனின் பாவாடைப் பகுதி, அதாவது ரிங்குகளுக்குக் கீழே உள்ள பக்கச் சுவர். இன்ஜின் சூடாவதற்கு முன் வரும் 'டக் டக்' சத்தம் அங்கிருந்துதான். ரிங்கை மாற்றி அந்தச் சத்தத்தை நிறுத்த முடியாது.

ஆனால் ரீபோரைத் தேர்ந்தெடுத்தால் கவனத்தைக் கூட்டியாக வேண்டும். கடைந்த பிறகு ஒவ்வொரு போர்ட்டின் ஓரமும் கத்திபோல் நிற்கும். ரிங் ஒவ்வொரு சுற்றிலும் அந்த ஜன்னலுக்குள் சற்றே பிதுங்கித் திரும்பும்; ஓரம் கூராக இருந்தால் அங்கேயே மாட்டிக்கொள்ளும். ஓரங்களைச் சிறு சரிவாக மழுக்கித் தரச் சொல்லிக் கேட்டுவாங்குங்கள், பிளாக் கைக்கு வந்ததும் விரலால் தடவிப் பாருங்கள். அடுத்து, கழுவுவது. ஹோனிங் (கல்லால் சுவரைத் தேய்ப்பது) விட்டுச்சென்ற பொடி பெட்ரோலுக்கு மட்டும் போகாது. வெந்நீரும் சோப்பும் போட்டுத் தேய்த்து, எண்ணெய் தொட்ட வெள்ளைத் துணியால் துடைத்து, துணியில் சாம்பல் நிறம் ஏறுவது நிற்கும் வரை விடக்கூடாது. துடைத்த கையோடு எண்ணெய் பூசிவிடுங்கள், துரு உடனே பிடிக்கும்.

ரிங்கை மாட்டும் முறை இரண்டு வழிக்கும் பொது. ரிங்கிலுள்ள எழுத்துக் குறி மேலே பார்க்க வேண்டும். மேல் ரிங் ஒரு பக்கம் சரிவாக வெட்டிய வகையாக இருந்தால், அதன் பள்ளமும் அதே சரிவில் இருக்கும். இரண்டு ரிங்கையும் இடம் மாற்றிப் போட்டுவிடக் கூடாது. இரு கட்டை விரல்களாலும் தேவையான அளவு மட்டும் விரித்து மாட்டுங்கள். பள்ளத்தில் ஒரு சின்ன ஊசி நிற்கும். ரிங் முனைகள் சுழன்றுபோய் போர்ட்டில் மாட்டாமல் காப்பது அதுதான். பிளாக்கை இறக்கும்போது இரு முனைகளும் அந்த ஊசியை நடுவில் வைத்து மூடுகின்றனவா என்று கண்ணால் பார்த்த பிறகே விரல்களால் அமுக்க வேண்டும். பிஸ்டன் தலையிலுள்ள அம்புக்குறி எக்ஸாஸ்ட் பக்கம். இறங்காவிட்டால் தட்டக்கூடாது, பிளாக்கை இடவலமாகத் திருப்பவும் கூடாது. திருப்பினால் ரிங்கின் முனை ஊசியிலிருந்து விலகி ஜன்னலில் மாட்டும்.

ரிங் மட்டும் போட்டால் போதும் என்று நான் துணிந்து சொல்லும் நிலையும் உண்டு. இரண்டு இடைவெளிகளுக்கும் வித்தியாசம் 0.15 மி.மீ-க்குள் இருக்கிறது, உச்சியில் விளிம்பு இல்லை, சுவரில் கீறல் இல்லை, பிஸ்டனுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளி கையேட்டின் எல்லைக்குள் இருக்கிறது. இந்த நிலையில் ரீபோர் செய்வது சிலிண்டருக்குச் செய்யும் அநியாயம். பளபளப்பு ஏறிய சுவரில் ஹோனிங் கல்லை லேசாக ஓட்டி, குறுக்குக் கோடுகள் தெரியும்படி செய்து, பள்ளத்தின் கரியைச் சுரண்டி, புது ரிங்கைப் போடுங்கள். கரி சுரண்டும்போது பள்ளத்தின் கீழ்ப்பக்கத் தளம் கீறிவிடாமல் பாருங்கள். ரிங் உட்கார்ந்து அடைப்பது அந்தத் தளத்தில்தான்.

நான் சொன்னதெல்லாம் வார்ப்பிரும்பு லைனருக்கு. நிக்கல் முலாம் பூசிய அலுமினிய சிலிண்டரில் என் கைப்பழக்கம் குறைவு. அதைச் சாதாரணமாகக் கடைய முடியாது, கடைந்தால் முலாமே போய்விடும்; தேய்ந்திருந்தால் மறுபடி முலாம் பூச வேண்டும். அங்கே எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை அந்த வகையில் நிறைய வேலை செய்தவரிடம் கேட்பதுதான் சரி.

எந்த வழியில் போனாலும், சைலன்சரை மாட்டுவதற்கு முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். கிராங்கை மெல்லச் சுற்றி, எக்ஸாஸ்ட் போர்ட் வழியே ரிங் தெரியும் இடத்தில் நிறுத்தி, மழுங்கிய மரக்குச்சியால் ரிங்கை லேசாக அமுக்குங்கள். உள்ளே போய் உடனே துள்ளித் திரும்பினால் சரி. அசையாமல் நின்றாலோ, அமுங்கித் திரும்பாமல் கிடந்தாலோ ரிங் சிக்கியிருக்கிறது அல்லது உடைந்திருக்கிறது. கிக்கரை மிதிக்காமல் பிளாக்கை மறுபடி உருவிப் பாருங்கள்.