‘அது வேற எலி அக்கா’: எலி ஒழிக்கும் சேவை என்று வருபவர்களிடம் கவனம்

யாழ்ப்பாணத்தில் கொக்குவில், கோண்டாவில், திருநெல்வேலிப் பக்கம் இருப்பவர்கள் இதை வாசித்துவிட்டு எலி ஒழிக்க ஆள் பிடியுங்கள். ‘ஒரே நாளில் எலி இல்லாத வீடு, ஒரு வருட உத்தரவாதம்’ என்று முகநூலில் விளம்பரம் போடுகிறார்கள். மோட்டார் சைக்கிளில் இரண்டு பெடியன்கள் வந்து வேலையைச் செய்துவிட்டுப் போகிறார்கள். முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், அது முடியும்வரை பெயரை எழுதவில்லை. எழுதினாலும் பயன் குறைவுதான். நாளைக்கு வேறு பெயரில் வேறு பக்கம் திறப்பார்கள். அவர்கள் செய்கிற வேலையின் விதத்தைத் தெரிந்து வைத்திருந்தால் போதும்.

எங்களுடையது பழைய ஓட்டு வீடு. ஓட்டுக்குக் கீழே சீலிங் அடித்திருக்கிறது. மாரி தொடங்கி வளவில் வெள்ளம் நின்றால் சுண்டெலி உள்ளே வந்துவிடும், இது யாழ்ப்பாணத்தில் யாருக்கும் புதிதில்லை. இந்த முறை கொஞ்சம் கூடிவிட்டது. குசினியில் மாப்பை, அம்மா வெயிலில் காயவைத்துப் போத்தலில் போடாமல் வைத்திருந்த ஒடியல், சாமி அறையில் திரி என்று எதையும் விடவில்லை. குளிர்சாதனப் பெட்டியின் வயரைக் கடித்த பிறகுதான் அந்த விளம்பரத்தில் இருந்த எண்ணுக்கு எடுத்தேன். முழு வீட்டுக்கும் 8,500 ரூபாய் என்றார்கள். சரி, வாருங்கள் என்றேன்.

வந்ததும் முதலில் எலிக்காய்ச்சல் கதை. “போன மாரிக்கு எத்தனை பேர் செத்தது தெரியுந்தானே அம்மா, வீட்டுக்குள்ள ஒரு எலி இருந்தாலே காணும்” என்று அம்மாவைப் பிடித்துக்கொண்டான் பெரியவன். 2024 டிசம்பரில் வெள்ளத்துக்குப் பிறகு இங்கே எலிக்காய்ச்சலில் ஆட்கள் இறந்தது உண்மை. ஆனால் அந்த நோய் பெரும்பாலும் எலியின் சிறுநீர் கலந்த வெள்ளத்திலும் சேற்றிலும் கால் வைக்கிறவர்களைத்தான் பிடிக்கிறது. காலில் காயம் இருந்தால் இன்னும் சுலபம். அதனால்தான் வயலில் இறங்குகிறவர்களுக்குச் சுகாதாரப் பகுதியினர் தடுப்பு மருந்தாக டொக்ஸிசைக்கிளின் கொடுத்தார்கள். குசினிச் சுண்டெலியைக் காட்டி வயதான மனிசியைப் பயப்படுத்துவது வியாபாரம். அந்தப் பயத்தோடு 8,500 என்பது 24,000 ஆகிவிட்டது. சீலிங்குக்குத் தனி, கருவிக்குத் தனி, ‘ஓட்டை அடைப்பு’க்குத் தனி.

ஒன்றைக் கவனியுங்கள். வந்தவர்கள் எலிப் புழுக்கையைப் பார்க்கவே இல்லை. எலி வேலை தெரிந்த ஆள் முதலில் பார்ப்பது அதைத்தான். சுண்டெலியின் புழுக்கை கிட்டத்தட்ட அரிசி மணி அளவு, முனை கூர்ந்திருக்கும். ஓட்டில் ஓடும் பெரிய எலியின் புழுக்கை அதைவிட இரண்டு மடங்கு நீளம். அகழான் என்றால் வளவில் வளை தோண்டிய மண் குவிந்திருக்கும். எந்த எலி என்று தெரியாமல் எந்தப் பொறி, எங்கே வைப்பது என்று எப்படித் தீர்மானிப்பது? இவர்களுக்கு அது தேவைப்படவில்லை, ஏனென்றால் எல்லா வீட்டுக்கும் ஒரே வைத்தியம்தான்.

அந்த வைத்தியத்தில் முதலாவது, சுவரில் செருகும் வெள்ளைக் கருவி. மனிதக் காதுக்குக் கேட்காத ஒலி வருமாம், எலி ஓடிவிடுமாம். பிறகு தேடிப் பார்த்தேன். 2001 இலேயே அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு, இப்படியான கருவிகளைச் செய்கிற, விற்கிற 60 இற்கு மேற்பட்டவர்களுக்கு, சொல்வதை நிரூபிக்க ஆதாரம் வைத்திருக்க வேண்டும் என்று எச்சரிக்கை அனுப்பியிருக்கிறது. அந்த ஒலி சுவரைத் தாண்டாது, அலுமாரிக்குப் பின்னால் போகாது, எலியும் கொஞ்ச நாளில் பழகிவிடும். எங்கள் வீட்டில் அந்தக் கருவிக்கு மேலேயே ஒன்று ஏறி இருந்ததை அம்மா பார்த்தா.

இரண்டாவது ஓட்டை அடைப்பு. குசினித் தொட்டிக்குக் கீழே குழாய் போகிற இடத்திலும் சீலிங் ஓரத்திலும் மஞ்சள் நுரையை அடித்துவிட்டார்கள். பார்க்க நன்றாக அடைபட்டதுபோல் இருக்கும். சுண்டெலிக்கு அந்த நுரை ஒரு தடையே இல்லை, கடித்துத் துளைத்துக்கொண்டு வந்துவிடும். வந்தது. பசைத் தட்டுகளும் வைத்தார்கள், அதில் ஒட்டியது பல்லிகள்தான்.

மூன்றாவதுதான் இந்தப் பதிவை எழுத வைத்தது. சீலிங்குக்கு மேலேயும் குசினி அலுமாரிக்குப் பின்னாலும் சின்னச் சின்னப் பொலித்தீன் பைகளில் இளஞ்சிவப்புச் சாயம் போட்ட அரிசியை வைத்தார்கள். பையில் பெயர் இல்லை, எழுத்து இல்லை, ஒன்றும் இல்லை. “இது என்ன மருந்து தம்பி?” என்று கேட்டேன். “வெளிநாட்டு மருந்து அக்கா, திண்ட எலி தண்ணி தேடி வெளியில போய்த்தான் சாகும், வீட்டுக்குள்ள மணக்காது” என்றான். இந்தத் தண்ணீர் தேடும் கதையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அப்படிப் போய்ச் சாகிற எலி என்று ஒன்றில்லை. பலவீனமானதும் பெரும்பாலும் தன் கூட்டுக்குள்தான் ஒதுங்கும். எங்கள் வீட்டில் சீலிங்குக்குள் ஒதுங்கியது. நடு அறையில் படுக்க முடியாத நாற்றம். எடுத்துத் தாருங்கள் என்று போன் செய்தால், செத்த எலி எடுப்பது உத்தரவாதத்தில் இல்லையாம்.

அதற்கிடையில் சீலிங் வெடிப்பு வழியே கொஞ்ச அரிசி பின்விறாந்தையில் கொட்டியிருக்கிறது. எங்கள் நாய் ஜிம்மி அதைத் தின்றிருக்க வேண்டும். முதலில் ஒன்றும் தெரியவில்லை. ஓரிரு நாள் கழித்துச் சோர்ந்து படுத்தது, பல் முரசில் இரத்தம் கசிந்தது. மிருக வைத்தியரிடம் கொண்டு ஓடினோம். அவர் கேட்ட முதல் கேள்வி, “மருந்தின்ர பெயர் என்ன? பெட்டி இருக்கோ?”

அந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்று அவர் வேலை செய்துகொண்டே சொன்னார். கடைகளில் கிடைக்கும் எலி மருந்துகள் ஒரே மாதிரியானவை அல்ல. புரோடிபக்கூம், புரோமடியோலோன் போன்றவை இரத்தம் உறைவதைத் தடுப்பவை. தின்று சில நாள் கழித்துத்தான் உள்ளே இரத்தம் கசியத் தொடங்கும், அதற்கு மாற்று மருந்து விற்றமின் கே1. சிங்க் பொஸ்பைட் வேறு ரகம். வயிற்று அமிலத்தில் பட்டதும் பொஸ்பீன் வாயுவாக மாறி, சில மணித்தியாலங்களிலேயே கொல்லக்கூடியது. அதற்கு மாற்று மருந்தே கிடையாது, நாய் வாந்தி எடுத்தால் பக்கத்தில் நிற்கிற மனிதருக்கும் அந்த வாயு ஆபத்து. ஒன்றுக்குச் செய்வது மற்றதற்குச் சரிவராது. பெயர் தெரியாவிட்டால் வைத்தியர் அறிகுறியை வைத்து ஊகிக்க வேண்டியதுதான்.

நான் அவர் மேசைக்குப் பக்கத்தில் நின்றே அந்தச் சேவைக்குப் போன் எடுத்தேன். “அது மனிசருக்கு ஒண்டும் செய்யாது” என்றார்கள். நாய்க்கு என்றேன். “பெரியவரிட்டக் கேட்டுச் சொல்லுறம்.” பிறகு எண் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. ஒரு பெயர்! தொழில் இரகசியமா அது? ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும்.

முரசில் இரத்தத்தைப் பார்த்து வைத்தியர் முதல் ரகம் என்று முடிவெடுத்து விற்றமின் கே1 ஊசி போட்டார். பிறகு வாரக் கணக்கில் குளிசை, ஏனென்றால் இந்த மருந்துகள் ஈரலில் நீண்ட நாள் தங்கும், இடையில் நிறுத்தினால் திரும்பவும் கசியும். ஜிம்மி பிழைத்தது. அதே அரிசி தவழ்கிற பிள்ளை இருக்கிற வீட்டிலும் கொட்டும்.

எண் திரும்ப வேலை செய்யத் தொடங்கியதும், குசினியில் எலி ஓடுகிறது, ஒரு வருட உத்தரவாதம் எங்கே என்று கேட்டேன். வந்த பதில்: “அது வேற எலி அக்கா. நாங்கள் மருந்து வைச்ச எலியள் முடிஞ்சுது. இது புதுசா வந்தது, அதுக்குப் புதுக் காசு.” காசு வாங்கும்போது அவர்கள் தந்த பற்றுச்சீட்டுத் துண்டை எடுத்துப் பார்த்தேன். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் உண்மையாகவே அப்படித்தான் இருக்கிறது: ‘புதிதாக உட்புகும் எலிகளுக்குப் பொறுப்பில்லை’. எலிக்கு அடையாள அட்டை கேட்கலாமோ தெரியவில்லை. சுண்டெலி மூன்று கிழமைக்கு ஒருமுறை குட்டி போடக்கூடியது, ஒரு ஈற்றில் ஐந்தாறு. பழைய எலி எது, புது எலி எது என்று அவர்கள் எப்படிப் பிரித்தார்கள்?

துண்டிலும் ‘சேவைக் கட்டணம்’ என்று மட்டும்தான் இருக்கிறது. மருந்தின் பெயரோ முகவரியோ இல்லை. இலங்கையில் பீடைகொல்லிகளைக் கட்டுப்படுத்த 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பதிவு செய்து, பெயர்ச்சீட்டு ஒட்டித்தான் விற்க வேண்டும். ஆகவே யார் வந்தாலும் மூடிய பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள். பெயர், பதிவு இலக்கம், காலாவதித் திகதி தெரியும்படி கைபேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். பையில் பிரித்துக் கொண்டு வந்தால் படலையிலேயே திருப்பி அனுப்புங்கள். எங்கெங்கே வைத்தார்கள் என்பதையும் எழுதி வாங்குங்கள், பிறகு எடுக்க வேண்டியவர் நீங்கள்தான்.

கடைசியில் எலியை நிறுத்தியது பக்கத்து ஒழுங்கை மேசன் ஐயா. நுரையை எல்லாம் கிள்ளி எடுத்துவிட்டு, குழாய் ஓரங்களில் இரும்பு நாரைத் திணித்து மேலே சீமெந்து பூசினார். ஓட்டு ஓரத்துக்கு நெருக்கமான கம்பி வலை, பின்கதவுக்குக் கீழே தகரம். சுண்டெலி ஆறு மில்லிமீற்றர் இடைவெளியாலேயே நுழைந்துவிடும் என்பதால் பென்சில் நுழைகிற இடம் எல்லாம் அடைபட வேண்டும் என்றார். உள்ளே மிஞ்சியதைப் பிடிக்கத் திருநெல்வேலிச் சந்தைப் பக்கம் வாங்கிய சாதாரண அடிபொறிகள். ஒன்று இரண்டு காணாது, பலதாக, சுவரோரமாக, இரை வைத்த பக்கம் சுவரைப் பார்க்க வைத்தால்தான் விழும். சுட்ட கருவாட்டைவிடச் சுட்ட தேங்காய்ச் சொட்டுக்கு நன்றாக வந்தது. இவ்வளவுக்கும் அவர்கள் வாங்கியதில் பாதிகூடச் செலவாகவில்லை.

முறைப்பாடு கொடுக்க நினைப்பவர்களுக்கு: பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் எண் 1977. உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் தெரியப்படுத்துங்கள். ஏற்கெனவே இவர்கள் வந்துபோன வீடு என்றால் இன்றைக்கே சீலிங்கையும் அலுமாரிப் பின்பக்கத்தையும் பாருங்கள். இளஞ்சிவப்பு அரிசி இருந்தால் முதலில் படம் எடுத்துவிட்டு, கையுறை போட்டு, கூட்டித் தூசி கிளப்பாமல் இரட்டைப் பையில் அள்ளிக் கட்டி, பிள்ளைகளுக்கும் நாய் பூனைக்கும் எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். எறிந்துவிட வேண்டாம். அது என்ன மருந்து என்று கண்டுபிடிக்க எங்களிடம் மிச்சம் இருப்பது அந்த அரிசி மட்டும்தான்.