பாலக்காடு தனியார் மருத்துவமனை ஒன்றின் ‘சொந்தப் பொறுப்பு’ டிஸ்சார்ஜ்: 5க்கு 3

டாக்டர் வேண்டாம் என்றாலும் ‘என் சொந்தப் பொறுப்பு’ என்று கையெழுத்திட்டு, நோயாளியை வாளையார் எல்லை தாண்டி கோவைக்கு மாற்றச் சிகிச்சையின் பாதியில் கிளம்பும் தமிழ்க் குடும்பங்கள் இங்கே அதிகம். அந்த டிஸ்சார்ஜ் வேலையை இந்த மருத்துவமனை பாதிதான் ஒழுங்காகச் செய்கிறது.

பெரிய குறை படிவம். மலையாளம், ஆங்கிலம் மட்டும். நோயாளிக்குப் புரியாத மொழியில் வாங்கிய கையெழுத்து நாளை வழக்கில் மருத்துவமனைக்கே உதவாது. கீழே ‘தமிழில் விளக்கப்பட்டது’ என்று எழுதச் சொல்லி, விளக்கியவரின் கையெழுத்தும் நேரமும் வாங்குங்கள். ‘எதற்கும் நிர்வாகம் பொறுப்பல்ல’ என்ற வரிக்கு மிரள வேண்டாம். அதுவரை நடந்த கவனக்குறைவை அது அழித்துவிடாது. இன்னொன்று, நினைவு தெளிவாக உள்ள, 18 வயது நிரம்பிய நோயாளிதான் கையெழுத்திட வேண்டும். இங்கே பேனாவை மகனிடம் நீட்டுகிறார்கள். தப்பு.

டியூட்டி டாக்டர் நேரில் வந்து ஆபத்தைச் சொல்லி கேஸ் ஷீட்டில் எழுதுவது நல்ல பழக்கம். டிஸ்சார்ஜ் சுருக்கம், மருந்துச் சீட்டு இரண்டும் முகம் சுளிக்காமல் தருகிறார்கள் (எல்லா இடத்திலும் கிடைக்காது).

முழு ரெக்கார்டுக்கு பில்லிங்கில் அலையாதீர்கள்; ரெக்கார்ட்ஸ் பிரிவில் எழுத்தில் கேளுங்கள். 2002 மருத்துவ நெறி விதிப்படி 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். பில் பாக்கிக்காக ஆளைப் பிடித்து வைக்க உரிமை இல்லை. பாக்கி மட்டும் கடனாக நிற்கும். விபத்து, விஷக் கேஸ் என்றால் போலீசுக்குத் தகவல் போனதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். காப்பீடு இருந்தால் கையெழுத்துக்கு முன்பே அந்த மேசையில் பேசிவிடுங்கள்.