கேபிளுக்கு வருடப் பணம் கட்டாதீர்கள்: எங்கள் 4,200 ரூபாய் போச்சு

கோபத்தில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருக்கும். வீட்டில் கேபிள் இணைப்பும் கிரிக்கெட் பார்க்கும் பெரியவர்களும் இருந்தால் தயவுசெய்து முழுதும் படியுங்கள்.

2023-ல் பொங்கல் முடிந்த வாரம், எங்கள் ஏரியா கேபிள் ஆபீஸிலிருந்து வசூலுக்கு வரும் தம்பி வந்தார். நாங்கள் இருப்பது அம்பத்தூர் பக்கம். செட்டாப் பாக்ஸ் வருவதற்கு முன்னாலிருந்தே எங்கள் தெருவுக்கு இவர்கள் இணைப்புதான். அப்பாவுக்கு ரிமோட்டில் பேட்டரி மாற்றிப் போட்டார், பாக்ஸுக்குப் பின்னால் லூசாக இருந்த ஒயரைச் சரி செய்தார், தண்ணீர் வாங்கிக் குடித்தார். அப்புறம் பேச்சை எடுத்தார். "மாசம் 380 கட்றீங்க. மொத்தமா 4,200 கட்டிட்டா வருஷம் பூரா கவலையே இல்லக்கா. ஆஸ்திரேலியா டெஸ்ட், ஐபிஎல், எல்லா கிரிக்கெட்டும் வரும். ஐயாவுக்காகத்தான் சொல்றேன்." அப்பா முட்டி ஆபரேஷன் முடிந்து வீட்டோடு இருக்கிறார், அவருக்கு டிவிதான் துணை. பென்ஷன் பணத்திலிருந்து அவரே எண்ணிக் கொடுத்தார். ரசீதில் "1 வருடம், ரூ. 4,200" என்று மட்டும் இருந்தது. என்னென்ன சேனல் என்று எழுதித் தரக் கேட்டேன். "எதுக்குக்கா, நான் எங்க போகப் போறேன்?" என்றார்.

பிப்ரவரி 18, சனிக்கிழமை, சிவராத்திரி. டெல்லி டெஸ்ட்டின் இரண்டாம் நாள். விளையாட்டு சேனல் இல்லை. அதோடு பல சீரியல் சேனல்களும் போய்விட்டன. பக்கத்து வீட்டில் டிடிஎச், அங்கே மேட்ச் ஓடும் சத்தம் எங்கள் ஹாலுக்கே கேட்கிறது. 139-க்கு 7 விக்கெட் போன பிறகு அக்சர் படேலும் நம்ம ஊர் அஸ்வினும் சேர்ந்து 114 ரன் எடுத்த ஆட்டம் அது. மறுநாள் ஜடேஜா 7 விக்கெட் எடுத்து ஆஸ்திரேலியாவை 113-க்குச் சுருட்டினார், மூன்றாம் நாளே மேட்ச் முடிந்தது. இரண்டையும் அப்பா பார்க்கவில்லை. போனில் போட்டுக் கொடுத்தேன், அந்தச் சின்னத் திரையில் அவருக்குப் பந்து எங்கே போகிறது என்றே தெரியவில்லை.

தம்பிக்கு போன் போட்டால் "கம்பெனில கட் பண்ணிட்டாங்கக்கா, நாடு முழுக்க இப்படித்தான்" என்றார். அதில் பொய் இல்லை, விசாரித்துத் தெரிந்துகொண்டேன். பேக்கில், அதாவது பல சேனல் சேர்ந்த தொகுப்பில், சேர்க்கும் ஒரு சேனலின் அதிகபட்ச விலை 19 ரூபாய் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2022 நவம்பர் 22 அன்று விதியைத் திருத்தியது. சேனல் கம்பெனிகள் புது விலை அறிவித்தன. பெரிய கேபிள் கம்பெனிகளின் சம்மேளனம், இந்த விலைக்கு மக்கள் தலையில் பாரம் ஏறும் என்று சொல்லி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மறுத்தது, கேரள உயர் நீதிமன்றம் வரை போனது. கையெழுத்துப் போடாதவர்களுக்கு மூன்று பெரிய சேனல் குழுமங்கள் சிக்னலை நிறுத்திவிட்டன. சுமார் நாலரைக் கோடி வீடுகள் பாதிப்பு என்று சம்மேளனமே சொன்னது.

இரண்டு முதலாளிக் கூட்டம் அடித்துக்கொள்வதை நான் கேள்வி கேட்கவில்லை. ஆனால் விலைச் சண்டை நவம்பரிலிருந்தே நடந்தது. கேபிள் தொழிலில் இருப்பவர்களுக்கு அது தெரியாமல் இருக்க முடியாது. தெரிந்துகொண்டேதான் ஜனவரியில் "எல்லா கிரிக்கெட்டும் வரும்" என்று சொல்லி ஒரு முதியவரிடம் 4,200 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். எனக்குக் கொதிப்பது இதில்தான்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "ஓனர்கிட்ட பேசுங்க." ஓனர் போனை எடுக்கவில்லை. ஆபீஸுக்குப் போனால் "சாப்பிடப் போயிருக்கார்". ஒரு வழியாகப் பிடித்தபோது, "சேனல் வந்துடும்மா, ஒரு வாரம் பொறுக்க மாட்டீங்களா?" என்றார். லோக்கல் ஆபீஸுக்குச் சிக்னல் தரும் கேபிள் கம்பெனியின் கஸ்டமர் கேரில் "உங்க லோக்கல் ஆபரேட்டரைக் கேளுங்க மேடம்" என்றார்கள்.

ஒரு வாரம் போல ஆனதும் சமரசமாகி சேனல்கள் திரும்பி வந்தன. சரி, போகட்டும் என்று விட்டிருப்பேன். பிப்ரவரி முடிந்ததும் பாக்ஸ் மொத்தமாக நின்றுவிட்டது. இந்தூரில் மூன்றாவது டெஸ்ட் தொடங்குகிறது, எங்கள் திரையில் ரீசார்ஜ் செய்யச் சொல்லி எழுத்து ஓடுகிறது. கஸ்டமர் கேரில் பாக்ஸ் நம்பரைச் சொன்னேன். "உங்க கணக்குல வருட பேக் எதுவும் இல்ல மேடம், மாதாமாதம்தான் ஆக்டிவேட் ஆகியிருக்கு." அதாவது நாங்கள் கொடுத்த 4,200 ரூபாய் கம்பெனிக்குப் போகவே இல்லை. லோக்கல் ஆபீஸ் அதைக் கையில் வைத்துக்கொண்டு மாசத்துக்கு ஒரு தடவை ரீசார்ஜ் போட்டு வந்திருக்கிறது.

ஓனரிடம் திரும்பப் போய்க் கேட்டால், "விலை ஏறிடுச்சும்மா, விளையாட்டு சேனல் வேணும்னா மாசம் 60 ரூபா கூடப் போட்டுக் குடுங்க, ஆன் பண்றேன்" என்கிறார். வருடப் பணம்? "அது பழைய ரேட்டு." மீதிப் பணம்? "ஆள் அனுப்பறேன்." ஆள் வரவில்லை. வசூல் தம்பி இப்போது என் நம்பரைப் பார்த்தாலே கட் பண்ணுகிறார். மார்ச் 22 சேப்பாக்கத்தில் ஒருநாள் போட்டி. நம்ம ஊரில் நடக்கும் மேட்ச்சை அப்பா எதில் பார்ப்பார்?

என்ன செய்யலாம் என்று விவரமாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. அவசரமாகச் சில:

மாதப் பணம் மட்டும் கட்டுங்கள். சேனல் கம்பெனியோடு அவர்களுக்கே எத்தனை நாள் ஒப்பந்தம் இருக்கிறது என்று நமக்குத் தெரியாது, 4,200 ரூபாய் கொடுத்துவிட்டுத் தொங்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றே கஸ்டமர் கேரில் பாக்ஸ் நம்பரைச் சொல்லி எந்தத் தேதி வரை ரீசார்ஜ் இருக்கிறது என்று கேளுங்கள், புகார் எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள். ரசீதில் சேனல் பெயர் இல்லாமல் பணம் தராதீர்கள். நான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவு செய்துவிட்டேன்.

எங்கள் பக்கம் வேறு யாரிடமாவது இதே மாதிரி வருடப் பணம் வாங்கியிருந்தால் ரசீதைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், சேர்ந்தே நுகர்வோர் கோர்ட்டுக்குப் போவோம்.